கல்லண்ணனின் நான்கு மேசைகள்

எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் இருக்கிறது, சம்பளச் சீட்டில் இருக்கிறது, வாயில் மட்டும் இல்லை. சிங்கப்பூருக்கு இக்கரையில், தம்போயில் பட்டறை வரிசைக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலை அது. பாட்டில் மூடி, சாப்பாட்டு டப்பா மூடி, ஐஸ்கிரீம் மூடி, எதற்கெல்லாம் மூடி வேண்டுமோ அதற்கெல்லாம் அங்கேதான் அடித்து எடுக்கிறோம். இத்தனை மூடி செய்கிற இடத்தில் என் வாய்க்கு ஒன்று கிடைக்கவில்லை என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். அந்த மனிதருக்கு ‘அஞ்சு நிமிசம்’ என்று பெயர் வைத்தது நான்தான்.

நான் தரம் பார்க்கிற பிரிவில் லைன் லீடர். ஆனால் லாயாங் லாயாங் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் என்னை மண்டோர் என்பார்கள், தோட்டத்து மேஸ்திரியைச் சொல்வதுபோல். ஆபீசில் கணினி தட்டுகிற பெண் அவர்களுக்குக் கிராணி, தோட்டத்துக் கணக்கர். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து அவர்களுக்கு எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. பதவிகள் மட்டும் பஸ் ஏறிக் கூடவே வந்துவிட்டன. மீதிப் பேரெல்லாம் அண்ணன், அக்கா, மலாய்க்காரர் என்றால் கக்கா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர் என்றால் பாய். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஷிப்டில் பதினேழு அக்காக்கள். அக்கா என்று ஒரு குரல் விட்டால் பதினேழு தலை திரும்பும், மெஷினில் மூடி பிசகும். அதனால்தான் நான் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

புது ஆள் வந்தால் மூன்று நாள் பொறுப்பேன். நான்காம் நாள் பெயர் வைப்பேன். எனக்கும் ஒரு நியாயம் உண்டு: உடம்பை வைத்துப் பெயர் வைக்க மாட்டேன். குட்டை, குண்டு, கறுப்பு, வழுக்கை இதெல்லாம் அவரவர் செய்த குற்றமில்லை. ஆள் என்ன செய்கிறாரோ அதிலிருந்துதான் பெயர் பிறக்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் சீனர். லீவு கேட்டாலும், மெஷின் நின்றுவிட்டது என்றாலும், கூரை ஒழுகுகிறது என்றாலும் ‘அஞ்சு நிமிசம்’ என்பார். பஸ் ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் எங்களை முன் இருக்கையில் மோத வைப்பார், அவர் ‘பிரேக்கு’. பேக்கிங்கில் இருக்கிற மலாய்க்கார அம்மா தினமும் வீட்டு மிளகாய்ச் சம்பல் கொண்டுவந்து ஊருக்கே பங்கு வைப்பதால் ‘சம்பல் கக்கா’. இங்கே வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போனவர்களை அங்கேயும் நான் வைத்த பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் திறமையால் ஒரு மனிதரின் மானம் அவருடைய சம்பந்திக்கு முன்னால் போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். அவருக்குக் கல்லண்ணன் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

கல்லண்ணன் எங்கள் ஸ்டோர்க்காரர். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பார். கையுறை, தலைத் தொப்பி, காலணி, அட்டைப்பெட்டி, பசை நாடா எது வேண்டுமென்றாலும் ஜன்னலில் போய்க் கேட்க வேண்டும். எடுத்துக் கொடுப்பார், நோட்டை நம் பக்கம் தள்ளுவார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். வார்த்தை வராது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்த ஜன்னலில் நின்று ஒரு பகடி அடித்தேன். இந்தப் பக்கம் எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தசைகூட அசையவில்லை. கல்லு என்று வைத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் மரியாதைக்கு அண்ணனைச் சேர்த்தேன். அவரும் மறுக்கவில்லை. எதைத்தான் மறுத்தார்.

கேன்டீனில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை உண்டு. பதினொரு வருசமாக மத்தியானம் அதில் நானும் அவரும்தான். நான் பேசுவேன், அவர் சாப்பிடுவார். என் வீட்டில் நடக்கிற எதுவும் அந்த மேசைக்கு வராமல் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வேலையும் தெரியாமல் குழாயைக் கழற்றியது, என் மகன் பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாவற்றுக்கும் மேலே என் மாமியார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குச் சோறு இறங்காது. கல்லண்ணனுக்கு இறங்கும். சரியான இடத்தில் ஒரு தலையசைப்பு, மோர் மிளகாயை ஒரு கடி, அவ்வளவுதான் அவர் பங்கு. மற்றவர்கள் என்னை அக்கா என்பார்கள், மண்டோர் என்பார்கள். அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாயைத் திறந்தால்தானே கூப்பிட.

அவர் என்னிடம் ஏதோ சொல்ல வந்த மூன்று முறைகளை இப்போது நான் எண்ணிப் பார்க்கிறேன். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தன. அந்த வாரம்தான் என் மாமியாரின் பல் செட்டு காணாமல் போயிருந்தது. நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன் என்று பல்லில்லாத வாயாலேயே எங்கள் குடியிருப்புத் தாமான் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நான் அந்தக் கதையின் உச்சத்தில் இருந்தபோது கல்லண்ணன் தொண்டையைச் செருமி, “பொண்ணுக்கு” என்றார். “பொண்ணா? எங்க மாமியார் பெத்த பொண்ணு இருக்கே, அதப் பத்தி நீங்க என்னைக் கேக்கணும்” என்று நான் நாத்தனார் கதைக்குத் தாவிவிட்டேன். புதன்கிழமை மறுபடியும், “நம்ம பொண்ணுக்கு” என்றார். பொம்பளைப் பிள்ளைக்கே இந்தக் காலத்தில் தொல்லைதான் அண்ணே என்று அதற்கும் நானே பதில் சொல்லி, மணி அடிக்கும்வரை விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். உள்ளே வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மடித்த ஒரு அட்டை. அவர் ரெங்கத்திலிருந்து தனியாகத் தன் பழைய காடியில், அதாவது காரில், வருகிறவர். அந்த ஊரிலிருந்து வருகிற ஒரே ஆள். அங்கே கோயில் கமிட்டியில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறையாவது பிரசாதமும் திருவிழா நோட்டீசும் கொண்டுவந்து தருவார். இதுவும் அதுதான் என்று ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். இன்னொன்றைச் சம்பல் கக்காவுக்குக் கொடுத்தேன். வெற்றிலையைத் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவிடம் கொடுத்தேன். நோட்டீசைக் கைப்பைக்குள் சொருகினேன். பழம் நல்லா இருக்கு அண்ணே என்று சொல்லிவிட்டு, பல் செட்டைத் தேடிக் கட்டிலைப் புரட்டின கதைக்கு வந்தேன். கதை பாதியில் இருக்கும்போது மணி அடித்தது. கல்லண்ணன் எழுந்து நின்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பல் கிடைத்ததா இல்லையா என்று கேட்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து இரண்டு வாரம் அவர் லீவு.

அந்த வாரக் கடைசியில் எங்கள் பிரிவின் வாட்சப் குழுவில் ஒரு கல்யாண அட்டை வந்து விழுந்தது. மயில், தாமரை, தங்க எழுத்து. அனுப்பிய எண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் எண்கள் வரும், போகும். கிராணிதான் சேர்ப்பார், யாரைச் சேர்த்தார் என்று கேட்க அவரோ பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். அட்டையில் மணமகள் பெயர், மணமகன் பெயர், இரண்டு பக்கத்து அப்பா அம்மா பெயர், எல்லாம் முழு நீளத்தில் இருந்தன. எங்களில் யாருக்காவது யாருடைய முழுப் பெயராவது தெரிந்தால்தானே. சம்பல் கக்கா அது என் சொந்தம் என்று நினைத்தார். நான் அது பிரேக்கின் மச்சினி வீடு என்று நினைத்தேன். பிரேக்கு, சூப்பர்வைசர் யாரோ பழைய ஆளுக்காக அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். எந்த ஊர், எந்த மண்டபம் என்று ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் மரியாதை தெரிந்த ஆட்கள் நாங்கள். கட்டை விரல் போட்டோம். கும்பிடுகிற கை போட்டோம். ‘கண்டிப்பா வரோம்’ என்று எழுதினவர்கள் ஏழு பேர். அதில் நானும் ஒருத்தி. மூன்று இதயமும் சேர்த்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை. அவசர ஆர்டர் என்று எங்களை ஓ.டி.க்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலை தேநீர் நேரத்தில், ஒன்பதரை இருக்கும், குழுவில் அதே தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, தோளில் துண்டு, மண்டப வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் ஒருவர். ஆளை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தசைகூட அசையாமல் நின்றிருந்தார் எங்கள் கல்லண்ணன்.

படத்துக்குக் கீழே அவர் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதியிருந்தது: “குட் மார்னிங் ஆண்ட்டி, அங்கிள் எல்லாருக்கும். பஸ் கெளம்பிருச்சான்னு அப்பா கேக்கச் சொன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுல ஆளுங்க அதிகமா வந்துட்டாங்க, நம்ம மேசைங்கள கேட்டாங்க. அப்பா குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நாலு மேசையும் எங்க ஃபேக்டரி ஆளுங்களுக்குன்னு சொல்லி வாசல்லயே நிக்கிறாங்க.”

கைப்பையைக் கொட்டினேன். பனடோல் மாத்திரை, சீப்பு, பழைய ரசீதுகளுக்கு நடுவே திருவிழா நோட்டீஸ் என்று நான் சொருகிய அந்த அட்டை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி இருந்தது. பதினொரு வருசம் எதிரில் உட்கார்ந்த மனிதர், வெற்றிலை பாக்கு பழத்தோடு முறைப்படி வந்து என்னை அழைத்திருக்கிறார். நான் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு மாமியாரின் பல்லைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எனக்கே என்னை அறைய வேண்டும்போல் இருந்தது. அந்த மண்டபத்தில் முன்வரிசையில் நான்கு மேசை காலியாகக் கிடக்கும், சம்பந்தி வீட்டு ஆட்கள் நின்றுகொண்டு அதைப் பார்ப்பார்கள், இவர் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நேரே சூப்பர்வைசரிடம் போனேன். பஸ் வேண்டும், எல்லாரும் வேண்டும், பத்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். அவர் மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதி, ஆர்டர், லாரி, வாடிக்கையாளர் என்று அடுக்கினார். கடைசியில் வழக்கம்போல் ஐந்து நிமிடம் கேட்டார். ஐந்து நிமிடமெல்லாம் கிடையாது, உங்கள் போனைத் திறந்து அந்த அட்டைக்குக் கீழே முதலில் கட்டை விரல் போட்டது யார் என்று பாருங்கள் என்றேன். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவரேதான். காது சிவந்துவிட்டது.

“அலமாக்,” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் எனக்குப் புரிகிற தமிழில், “நானும் வரணும் லா” என்றார்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தை விட்டுக்கொடுத்து ஆர்டரை முடித்துத் தருகிறோம் என்று எல்லார் சார்பிலும் நானே வாக்குக் கொடுத்தேன். பேக்கிங் மேசைகளைத் துணி போட்டு மூடினோம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரைப் போனில் எழுப்பினேன். காடி இருப்பவர்கள் கம்பெனிச் சட்டையையே மாட்டிக்கொண்டு நேராக ரெங்கத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டவர்களிடம் கல்லண்ணன் என்று சொன்னேன். கல்லண்ணனுக்குக் கல்யாணமா என்று ஒருவர் கேட்டார். அவரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். மேசை நிறைய வேண்டுமே என்று மெஷின் பக்கத்துப் பாய்கள் மூன்று பேரையும் ஏற்றினோம். அவர்கள் குழுவில் இல்லை, அட்டையும் பார்க்கவில்லை. கல்யாணச் சாப்பாடு என்று சொன்னதும் வேறு எதுவும் கேட்கவில்லை.

வெறுங்கையோடு போவதா என்று பாதி வழியில்தான் நினைவு வந்தது. சூப்பர்வைசர் தன் காலடியைக் காட்டினார். மாதிரி அலமாரியிலிருந்து ஒரு பெட்டி நிறைய புத்தம் புதுச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வந்திருந்தார், மூடியோடு. எவ்வளவுதான் நான் அந்த மனிதரைப் பற்றிப் பேசினாலும் சில நேரம் மூளை வேலை செய்கிறது. பிரேக்கு அன்றைக்கு எங்கேயும் பிரேக்குப் போடவே இல்லை.

மண்டபத்தை அடைந்தபோது பன்னிரண்டு ஆகப் போகிறது. தாலி கட்டி முடிந்துவிட்டது, பந்தி தொடங்கவில்லை. வாசலில் இரு வீட்டார் பெயரையும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். கல்லண்ணனின் உண்மைப் பெயரை அன்றைக்குத்தான் நான் படித்தேன். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் யாரென்று புரியாது.

நாங்கள் எல்லாரும் வெளிர்நீலச் சட்டையில், நெஞ்சில் கம்பெனி முத்திரையோடு, ஒரே மாதிரிக் காலணியைக் கழற்றி ஒரே வரிசையில் விட்டுவிட்டு உள்ளே போனோம். பட்டுச் சேலைகளுக்கு நடுவில் நாங்கள் நுழைந்ததும் மண்டபத்தில் பேச்சு குறைந்தது. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையில் ஒருவர், தங்கச் சங்கிலி போட்டவர், எங்களைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார். “வந்துட்டீங்களா? கேட்டரிங் ஆளுங்க பின்பக்கமா வரணும்,” என்று சொல்லி, சம்பல் கக்காவின் கையில் ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டார். கக்கா அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபத்துக் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற குரல். யாருடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

“அவங்க பரிமாற வரல, சம்பந்தி. அவங்க என் ஆளுங்க. அந்த நாலு மேசை அவங்களோடது.”

கல்லண்ணன் வந்து கக்காவின் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். முகம் அப்படியே கல்லாகத்தான் இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. தங்கச் சங்கிலிக்காரர் வழி விட்டார். நாங்கள் நாற்பது பேரும் முன்வரிசைக்கு நடந்து போனோம். அந்த நடையை என் கல்யாணத்தில்கூட நான் நடந்ததில்லை.

மேசைக்குப் போன பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் மடித்த சின்ன அட்டை ஒன்று, அழகான கையெழுத்தில் ஒரு பெயரோடு நின்றது. ஆனால் எங்கள் பெயர் இல்லை. நான் வைத்த பெயரும் இல்லை. ‘பேனா’ என்று ஒன்று. ‘அப்புறம் கையெழுத்து’ என்று ஒன்று. ‘இடது கை’, ‘பெரிய சைஸ்’, ‘பேட்டரி’, ‘இன்னும் ஒரு ஜோடி’, ‘பெட்டி பத்தல’.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மணப்பெண் மாலையோடு ஓடி வந்து வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். உட்காருகிற இடத்துக்குப் பெயர் எழுத வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாளாம். அவர் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறார். யார் பெயரும் அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் சாயங்காலம் எங்களைப் பற்றிப் பேசும்போது என்ன சொல்வாரோ அதையே எழுதச் சொல்லிவிட்டார். வீட்டில் பேசுவாரா என்று நான் கேட்டேன். “ஐயோ ஆண்ட்டி, அப்பா வந்துட்டா டிவியே போட மாட்டோம்,” என்றாள்.

பதினொரு வருசம் அந்தக் கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஊருக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நின்று அந்தக் கல்லு எங்கள் எல்லாருக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் என் நியாயப்படியே. உடம்பை வைத்து ஒன்றுகூட இல்லை, ஜன்னலில் வந்து யார் என்ன கேட்பார்களோ அதை வைத்து. எனக்குக் கோபமும் வந்தது, தொழில் போட்டியாகவும் இருந்தது, சிரிப்பும் தாங்கவில்லை.

நாற்பது பேரும் தங்கள் இடத்தைத் தேடினோம். அடுத்தவர் பெயரை ஒரு நொடியில் கண்டுபிடித்தோம். தன் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர் பேனாவை வாங்கித் திருப்பித் தராதவர் சூப்பர்வைசர் என்று பெட்டியடிக்கிற பெண்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ‘பேனா’வுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு மெதுவாக எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எப்போதும் இடது கையுறையை மட்டும் தொலைக்கிற சம்பல் கக்கா ‘இடது கை’யில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பாய்கள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ‘பெரிய சைஸ் 1’, ‘பெரிய சைஸ் 2’, ‘பெரிய சைஸ் 3’. குழுவில் இல்லாவிட்டாலும் அவர்களையும் கணக்கில் வைத்திருந்தார்.

கை கழுவப் போன ஒருவரைத் தவிர எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், நான் மட்டும் நின்றேன். நான்கு மேசையையும் சுற்றி வந்தேன். இவ்வளவு நாள் மற்றவர்களுக்கு வைத்ததெல்லாம் திரும்பி வருகிற நேரம் இது என்று உள்ளுக்குள் உதறல். ‘வாய்’ என்று ஏதாவது இருக்கும், ‘ஓட்டை’ என்று இருக்கும் என்று தேடினேன். கடைசியில் ‘பேட்டரி’ மட்டும் மிஞ்சியது. நிறுத்தாமல் ஓடுகிறது என்று எனக்குத்தான் வைத்திருக்கிறார். போகட்டும், இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

“ஆண்ட்டி, அது சுவர்க் கடியாரத்துக்குப் பேட்டரி கேக்கற அங்கிளோட சீட்டு,” என்றாள் மணப்பெண். “நீங்கதானே அந்த மாமியார் கதை ஆண்ட்டி? உங்க இடம் இங்க இல்ல.”

என் கையைப் பிடித்து வீட்டார் மேசைக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவள் அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, பல வருசம் பழகினவர்போல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் மகன் இரண்டாவது தடவையாவது பாஸ் ஆனானா, எங்கள் வீட்டுக் குழாயைக் கடைசியில் யார் சரிசெய்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான் தினமும் மத்தியானம் கொட்டின அத்தனையும் சாயங்காலமே ரெங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்லில் கொட்டினால் தங்காது என்று நினைத்திருந்தேன்.

கல்லண்ணன் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்து இலையில் ஒரு அட்டை இருந்தது. அதில் ‘கூட்டாளி’ என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எல்லாருக்கும் கொடுக்க மாட்டோம். கூடவே வளர்ந்தவர்களுக்குச் சொல்வோம், கஷ்டத்தில் கூட நின்றவர்களுக்குச் சொல்வோம். வேலையிடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெயர் வைத்தேன்; இதை ஒருவருக்கும் வைத்ததில்லை. வைக்கத் தோன்றியதும் இல்லை. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சி அடக்கினேன்.

கல்லண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது, அப்பளம் விழுந்தது. கேன்டீனில் உட்காருவதுபோலவே இருந்தோம். அவர் பட்டு வேட்டியில், நான் நீலச் சட்டையில். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்தான் பேசினார்.

“சாப்பிடுங்க கூட்டாளி. அந்தப் பல்லுக் கதைய பாதியில விட்டுட்டீங்க. ரெண்டு வாரமா வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, கெடைச்சிச்சா இல்லையான்னு.”

அவர் மனைவி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மணப்பெண்ணும் மாலையோடு நின்றுவிட்டாள். கட்டிலைப் புரட்டியது, அலமாரியைப் புரட்டியது, நாத்தனார் வந்தது, என் வீட்டுக்காரர் முழித்தது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குக் குறையாத கதை அது.

“ஃப்ரிட்ஜ்ல முட்டைக்குப் பக்கத்துல இருந்துச்சுண்ணே. அவ்ளோதான் கதை,” என்றேன். “அது போகட்டும். நீங்க அன்னிக்கு பொண்ணுக்குன்னு ஆரம்பிச்சீங்களே. என்னண்ணே சொல்ல வந்தீங்க?”

நான் நிஜமாகவே நிறுத்திவிட்டேனா என்று பார்ப்பதுபோல் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் கையை இலையிலிருந்து எடுத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், கூட்டாளி,” என்றார். “நீங்க அவசியம் வரணும்.”

“வர்றேன்ணே,” என்றேன்.